வழியே விளையாட்டு: டிராகன்ஸ் டாக்மா 2-இன் பலமும் குறையும்

கேப்காம் நிறுவனம் 2024ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி வெளியிட்ட டிராகன்ஸ் டாக்மா 2 என்ற திரைவிளையாட்டு, வெளிவந்த அன்றே இரு வேறு தீர்ப்புகளைப் பெற்றது. இதழ்களில் எழுதும் விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினார்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் காசு கொடுத்து வாங்கியவர்களோ முதல் நாளிலேயே எதிர்மறைக் கருத்துகளைக் குவித்தார்கள். சில நாட்களில் 2.5 மில்லியன் பிரதிகளைத் தாண்டி விற்ற இந்த விளையாட்டைப் புரிந்துகொள்வதற்கு, அதன் நிறைகளை ஒரு பக்கமும் குறைகளை மறுபக்கமும் எழுதி எண்ணிப் பார்ப்பது உதவாது. இரண்டும் பெரும்பாலும் ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை. போய்ச் சேரும் இடத்தைவிடப் போகும் வழியே விளையாட்டாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் ஹிதெயாக்கி இட்சுனோ முடிவெடுத்தார். ஊருக்கு வெளியே, சாலையிலும் காட்டிலும், அந்த முடிவு அபாரமாகப் பலித்திருக்கிறது. நகரத்தின் மதிலுக்குள் நுழைந்ததும் கதை தளர்கிறது. விளையாட்டை ஓட்டும் மென்பொருளும் திணறுகிறது.

இட்சுனோ 1994இல் கேப்காமில் சேர்ந்தவர். டெவில் மே கிரை வரிசையின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பாகங்களை இயக்கியவர் என்பதால், வாள்வீச்சின் வேகமும் அடியின் கனமும் அவர் கைக்குப் பழகியவை. அந்தச் சண்டைக்கலையை ஒரு பெரிய திறந்த உலகத்துக்குள் கொண்டுவரும் முயற்சியாக முதல் டிராகன்ஸ் டாக்மா 2012 மே மாதம் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிகளுக்கு வெளியானது. அந்தக் கருவிகளின் சக்திக்கு அது அதிகப்படியான ஆசை. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை வைத்துப் படத்தின் பரப்பைக் குறைத்தும்கூட, பெரிய சண்டைகளில் அது தடுமாறியது. ஆனாலும் அதை விரும்பியவர்கள் விடாப்பிடியாக விரும்பினார்கள். 2022 ஜூன் மாதம், முதல் பாகத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சியில் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. முதல் பாகத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்புள்ள நிலவரைபடம் என்று இட்சுனோ சொன்னார்.

பரப்பைப் பெருக்கிய பெரும்பாலான விளையாட்டுகள் அதைத் தாண்டிச் செல்ல ஒரு குறுக்குவழியையும் சேர்த்தே தருகின்றன. வரைபடத்தைத் திறந்து ஓர் இடத்தைத் தொட்டால் அடுத்த நொடி அங்கே நிற்கலாம். டிராகன்ஸ் டாக்மா 2 அந்த வசதியை வேண்டுமென்றே அரிதாக்கியிருக்கிறது. நினைத்த மாத்திரத்தில் இடம்பெயர ஃபெரிஸ்டோன் என்ற கல் வேண்டும். அது ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். கடையில் அதன் விலை 10,000 பொன். அந்தக் கல்லும் போர்ட்கிரிஸ்டல் என்ற படிகம் நாட்டப்பட்ட இடங்களுக்கு மட்டுமே கொண்டுசேர்க்கும். ஆட்டத்தில் நிலையாக நாட்டப்பட்டவை மிகச் சில. மற்றவற்றைத் தேடிக் கண்டெடுத்து, எங்கே நாட்டுவது என்று நாமே தீர்மானிக்க வேண்டும். பயணம் சலிப்பாக இருக்கிறதென்றால் அது விளையாட்டைச் சலிப்பாகச் செய்துவைத்தவரின் குறை என்பது வெளியீட்டுக்கு முன் இட்சுனோ அளித்த பேட்டி ஒன்றின் சாரம்.

கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள சிங்கப்பூர்த் தீவில், எந்த ரயிலில் ஏறினால் எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று கைப்பேசி சொல்லிவிடும் ஊரில் வாழ்பவர்களுக்கு, இந்தத் திட்டம் முதலில் எரிச்சலூட்டும். ஆட்டத்தில் வரும் வெர்மண்ட் நாட்டின் தலைநகரான வெர்ன்வொர்த்திலிருந்து மெல்வ் கிராமத்துக்குப் பொதுப் போக்குவரத்து உண்டு, அது மாட்டுவண்டி. சிங்கப்பூரில் பழைய மாட்டுத்தொழிலின் நினைவு தேக்கா வட்டாரத்தின் பஃபலோ ரோடு போன்ற பெயர்களில் எஞ்சியிருக்கிறது. இங்கே ஒரு வண்டி வரும்வரை காத்திருந்து, காசு கொடுத்து ஏறி, பக்கத்தில் இருப்பவரோடு அசைந்தபடி போகிறோம். கண்ணயர்ந்தால் பொழுது விரைந்து நகரும். நடுவழியில் விழிப்புத் தட்டினால், வண்டியைப் பூதக்கூட்டம் சூழ்ந்திருக்கிறது என்று பொருள். சில வேளை வானத்திலிருந்து, கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் ஒன்று இறங்கி வண்டியையே நொறுக்கிவிடும். மாடு செத்துவிட்டால் மீதி வழியை நடந்தே கடக்க வேண்டும்.

அந்த நடையில்தான் விளையாட்டின் உண்மையான திறமை தெரிகிறது. அடிபடும்போது உயிரளவு குறைவது எல்லா விளையாட்டிலும் உள்ளது. இங்கே, அடிபட அடிபட உயிரளவின் உச்சவரம்பும் குறைந்துகொண்டே போகிறது. குறைந்த வரம்பைச் சாதாரண மருந்தாலும் மந்திரத்தாலும் மீட்க முடியாது. பெரும்பாலும் சத்திரத்தில் உறங்கினாலோ வழியில் முகாமிட்டாலோதான் மீளும். முகாமிடக் கூடாரம் வேண்டும், கூடாரத்துக்கு எடை உண்டு, எடை கூடினால் நடை தளரும். வேட்டையாடிய இறைச்சியையும் பறித்த பழங்களையும் பையில் போட்டுவைத்தால் நாளடைவில் அழுகிவிடுகின்றன. ஆகவே, நகரத்தை விட்டுக் கிளம்புமுன் எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே இரவு தங்குவது என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. முகாமில் இறைச்சி சமைக்கும்போது திரையில் வருவது கணினி வரைந்த காட்சிகூட இல்லை. உண்மையான இறைச்சி நெருப்பில் வேகும் படப்பிடிப்பு. நாள் முழுவதும் நடந்த களைப்புக்குப் பிறகு அதைப் பார்ப்பதில் தனிச் சுகம் இருக்கிறது.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடிய விடிய விளக்கெரியும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரங்களுக்குப் பழகிய நமக்கு இரவு என்பது வெளிச்சம் சற்றுக் குறைந்த பகல்தான். இந்த விளையாட்டின் இரவு மெய்யாகவே இருட்டு. இடுப்பில் தொங்கும் விளக்கின் வெளிச்சம் சில அடிகளுக்கு மேல் எட்டாது. அதற்கும் எண்ணெய் தீரும். பகலில் இல்லாத எலும்புக்கூடுகளும் பேய்களும் அப்போது எழுகின்றன. பகலில் தெளிவாகத் தெரிந்த பாதை, இரவில் எந்தப் பக்கம் பள்ளம் என்றே தெரியாத இடமாகிவிடுகிறது. பொழுது சாயத் தொடங்கியதும் மனத்தில் ஒரு பதற்றம் வருகிறது. அதை ஒரு திரைவிளையாட்டு உண்டாக்குவது பெரிய சாதனை.

சண்டையும் இதே நம்பிக்கையோடு அமைக்கப்பட்டிருக்கிறது. ஒற்றைக்கண் அரக்கனான சைக்ளோப்ஸ் எதிரே வந்தால் அதன் காலைத் தாக்கிச் சாய்க்கலாம். உடம்பில் பற்றி ஏறி, தோள்வரை சென்று, கண்ணில் குத்தலாம். நிலைதடுமாறும் நேரம் பார்த்துத் தள்ளிவிடலாம். மலைவிளிம்பில் அதைத் தள்ளினால், எதிர்க்கரையைப் பற்றிக்கொண்டு தொங்கும் அதன் உடலே ஒரு பாலமாகிவிடுவதும் உண்டு. கிரிஃபினின் முதுகில் பற்றியிருக்கும்போது அது பறந்து எழுந்தால், வரைபடத்தில் இன்னும் திறக்காத ஒரு மூலையிலுள்ள அதன் கூட்டுக்கே நம்மைக் கொண்டுபோய்விடும். எடை, சமநிலை, உயரம் ஆகியவற்றை உண்மையாகவே கணக்கிடும் உலகம் என்பதால் இவை தாமாக நிகழ்கின்றன. யாரும் முன்கூட்டி எழுதிவைத்த காட்சிகள் அல்ல. இந்தக் கணக்கீடுதான் பின்னால் நாம் பேசப்போகும் பெரிய தொழில்நுட்பக் குறைக்கும் வேர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

வழி இருந்தால் வழித்துணை வேண்டும். நாயகனோடு மூன்று துணையாட்கள் நடக்கிறார்கள். ஆட்டம் அவர்களைப் பான் என்று அழைக்கிறது. ஒருவரை நாமே உருவாக்கி வளர்க்கிறோம். மற்ற இருவரும் உலகின் வேறெங்கோ வேறொருவர் வளர்த்த துணையாட்கள், இணையம் வழியாக இரவலாக வருபவர்கள். சிங்கப்பூரின் ஈசூனில் ஒருவர் வளர்த்த துணையாள், ஒசாகாவில் ஆடுபவரோடு இரண்டு நாள் திரிந்துவிட்டு, அங்கே கற்றதையும் பெற்ற பரிசையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறாள். பிறகு நம்மோடு நடக்கும்போது, இந்தப் பக்கம் ஒரு பெட்டகம் இருப்பதை வேறொரு தலைவரோடு வந்தபோது பார்த்தேன், வாருங்கள் என்று முன்னே ஓடுகிறாள். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்துப் படித்தவர்களுக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வரும். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு பாணனுக்கு, எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, எங்கே சோறு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி வழிப்படுத்துவான். முன்பின் அறியாதவரின் பட்டறிவு நமக்கு வழியாக மாறும் அதே ஏற்பாட்டை, அம்பு முத்திரைகளும் வரைபடக் குறிகளும் இல்லாமல் ஒரு விளையாட்டின் அடிப்படை விதியாகவே ஆக்கியிருப்பது, என் மதிப்பீட்டில், இதன் ஆகப் பெரிய சிறப்பு.

துணையாட்களுக்குத் தனித்திறன்களும் உண்டு. எல்ஃப் இனத்தார் வாழும் ஊரில் அவர்கள் பேசுவது நமக்கு ஒரு சொல்லும் விளங்காது. அம்மொழி அறிந்த துணையாளைக் கூட்டிச் சென்றால் மட்டுமே உரையாடல் திரையில் எழுத்தாகத் தெரியும். பல மொழிகளுக்கு நடுவில் வாழ்பவர்கள் இந்த நுணுக்கத்தை ரசிப்பார்கள். அதே சமயம், துணையாட்கள் ஓயாமல் பேசுகிறார்கள். ஏணியைக் கண்டால் ஏணியைப் பற்றியும், மழை வந்தால் மழையைப் பற்றியும் அதே வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பேசாமலே வரும் ஒரு தனித்திறனை வடிவமைப்பாளர்களே சேர்த்திருப்பதைப் பார்த்தால், இந்தச் சலசலப்பு எங்கே போய் முடியும் என்று அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள் எனத் தோன்றுகிறது.

துணையாட்களோடு பிணைந்த இன்னொரு துணிச்சல், டிராகன்ஸ்பிளேக் என்ற நோய். அது தொற்றிய துணையாளின் கண்கள் செந்நிறமாக ஒளிரும், தலையைப் பிடித்துக்கொள்வாள், கட்டளையை மீறுவாள். இதைக் கவனிக்காமல் சத்திரத்தில் உறங்கினால், விடியும்போது ஊரில் இருந்த அத்தனை பேரும் இறந்து கிடப்பார்கள். பல வாரங்களாகப் பழகிய கடைக்காரர், பணி கொடுத்தவர், பாதியில் நின்ற கதை எல்லாம் ஒரே இரவில் போய்விடும். கூட இருப்பவரை உற்றுக் கவனி என்று கட்டாயப்படுத்தும் விதி என்ற அளவில் இதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரேயொரு சேமிப்பு மட்டுமே உள்ள விளையாட்டில், முதல்முறை ஆடுபவருக்கு இவ்வளவு பெரிய தண்டனையை இவ்வளவு மெல்லிய அறிகுறிகளோடு வைத்தது நியாயமல்ல. பின்னர் வந்த புதுப்பிப்பில் நோய் தொற்றும் வாய்ப்பைக் குறைத்து, அறிகுறிகளையும் தெளிவாக்கினார்கள்.

வழியை நினைவில் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் வெகுமதிக்கு, புராணப் பிராணியான ஸ்ஃபிங்ஸின் புதிர்களைவிட நல்ல சான்று இல்லை. மலைமேல் கோயில் ஒன்றில் அமர்ந்திருக்கும் அந்தப் பிராணி கேட்கும் புதிர்களில் ஒன்று இது: உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சிறு வில்லைகளில் நீ முதன்முதலில் எடுத்தது எங்கே, அந்த இடத்துக்குத் திரும்பிப் போ. விடை ஆளுக்கு ஆள் வேறு. எந்த வழிகாட்டிப் பக்கத்திலும் அதைத் தேடி எடுக்க முடியாது. ஆட்டத்தின் தொடக்கத்தில், எதற்கென்றே தெரியாமல் ஒரு கற்சுவரின் பின்னாலோ பாழடைந்த கூரையின் மேலோ எடுத்த ஒரு பொருளின் இடத்தை நினைவுகூர்ந்து, நாள் கணக்கு முடிவதற்குள் நடந்து போக வேண்டும். நடந்த வழியைக் கவனித்து நடந்தாயா என்று விளையாட்டே நேராகக் கேட்கும் கேள்வி அது.

இனி, முதன்மையான குறை. இவ்வளவு அக்கறையோடு அமைத்த வழியில் எதிர்ப்படுபவர்கள் போதவில்லை. கோப்ளின் கூட்டம், ஓநாய்கள், ஹார்பிகள், பல்லியுடல் சாரியன்கள், கொள்ளையர்கள். முதல் பத்து மணி நேரத்தில் இவை ஒவ்வொன்றும் புதிதாக இருக்கின்றன. இருபது மணி நேரத்தைத் தாண்டினால் அவைதான் திரும்ப வருகின்றன. வெர்மண்டின் பசுங்காடுகளைக் கடந்து, செம்பாறைகளும் வறண்ட பள்ளத்தாக்குகளும் நிறைந்த பட்டால் நாட்டுக்குள் நுழையும்போது நிலமே மாறிவிட்டது, ஆகவே அதில் திரிபவையும் மாறும் என்று மனம் எதிர்பார்க்கிறது. வருபவை நிறமும் பெயரும் சற்றே மாறிய பழைய எதிரிகள். பாலை நிலத்துக்கு அதற்கே உரிய அச்சங்கள் இருக்க வேண்டும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இதற்குள் நாயகனின் வலிமையும் கூடிவிடுவதால், முன்பு மூச்சுமுட்டச் செய்த சண்டைகள் சில வெட்டுகளில் முடிகின்றன. வேகப் பயணத்தை மறுத்த முடிவை விமர்சித்தவர்கள் உண்மையில் இந்த இடத்தில்தான் சலித்தார்கள் என்று நினைக்கிறேன். வழி நீண்டிருப்பது குறையல்ல. பின்பாதியில் வழியில் புதியது எதுவும் நேராமல் போவதே குறை.

நகரத்துக்குள் வேறு வகைச் சிக்கல். வெர்ன்வொர்த்தின் சந்தைத் தெருவில் நுழைந்ததும் படம் தடைபடத் தொடங்கும். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை வைத்திருந்தவர்களுக்கும் இதே நிலைதான். சிக்கல் அட்டையில் இல்லாமல் மையச் செயலியில் இருந்ததே காரணம். ஒவ்வொரு பாத்திரத்தின் இருப்பும் சுற்றுப்புறத்தின் மீது ஏற்படுத்தும் தாக்கத்தைக் கணக்கிடச் செயலியின் பெரும்பகுதி செலவாகிறது, ஆகவே பலர் ஒரே நேரத்தில் கூடும் இடத்தில் வேகம் குறைகிறது என்று கேப்காமே விளக்கம் தந்தது. காட்டில் நான்கு பேரும் ஓர் அரக்கனும் இருக்கும்போது அற்புதங்களை நிகழ்த்தும் கணக்கீடு, சந்தையில் நூறு பேர் நடமாடும்போது தாங்க முடியாத பாரமாகிறது. ஊராரைக் கொன்றால் வேகம் கூடுகிறதா என்று வெளியீட்டு வாரத்தில் சிலர் சோதித்துப் பார்த்தார்கள், கூடியது. இந்த விளையாட்டை இயக்கும் ஆர்இ எஞ்சின் என்ற மென்பொருள் முதலில் 2017இல் வெளியான ரெசிடென்ட் ஈவில் 7-க்காக உருவானது. இருண்ட வீட்டின் குறுகிய அறைகளில் அது வியக்கத்தக்க அளவு நன்றாக ஓடியது. திறந்த வெளிக்கும் மக்கள் நெரிசலுக்கும் அதை நீட்டிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, அதே எஞ்சினில் 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் மீதும் கணினி ஆட்டக்காரர்கள் இதே போன்ற புகார்களைச் சொன்னது இன்னொரு சான்று.

கதையும் நகரத்துக்குள்தான் சோர்கிறது. டிராகனால் இதயம் பறிக்கப்பட்டு, நாட்டை ஆளும் உரிமை பெற்ற நாயகன் ஊர் திரும்பும்போது, அரியணையில் ஒரு போலி அமர்ந்திருக்கிறான். படைத்தலைவர் பிரான்ட் இரவு நேரத்தில் மதுக்கடையில் ரகசியமாகச் சந்தித்து, அரண்மனைச் சூழ்ச்சியைத் துப்பறியும் பணிகளைக் கொடுக்கிறார். நல்ல தொடக்கம். ஆனால் பட்டாலுக்குள் கால் வைத்த பிறகு அந்தச் சூழ்ச்சியின் இழைகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டு, கதை முடிவை நோக்கி அவசரமாக ஓடுகிறது. அரசி டிசாவுக்கும் அந்தப் போலிக்கும் கிடைத்திருக்க வேண்டிய முடிவுகள் கிடைக்கவே இல்லை. பாத்திரங்களின் முகங்கள் நினைவில் நிற்கின்றன. அவர்கள் என்ன விரும்பினார்கள் என்பது நிற்கவில்லை.

வெளியீட்டு நாளில் கோபத்தை மேலும் தூண்டியது, கடைப்பக்கத்தில் தனிக் காசுக்கு விற்கப்பட்ட பொருள்கள். போர்ட்கிரிஸ்டல் ஒன்று, இறந்தவரை எழுப்பும் கல், உருவத்தை மாற்றும் ஏடு முதலியன அதில் இருந்தன. அவை அனைத்தும் ஆட்டத்துக்குள் உழைத்தே கிடைக்கக்கூடியவை. வாங்காதவருக்கு எந்த இழப்பும் இல்லை. அப்படியிருந்தும் கோபம் நியாயமானதே. அரிதாக இருப்பதால்தான் பயணத்துக்குப் பொருள் உண்டு என்று சொல்லும் விளையாட்டு, அந்த அரிய பொருளையே பணத்துக்கு நீட்டினால், தன் கொள்கையைத் தானே சந்தேகிக்க இடம் தருகிறது. ஏற்கெனவே தொடங்கிய ஆட்டத்தை விட்டுப் புதிதாகத் தொடங்கும் வசதிகூட முதலில் இல்லை. சில நாட்களில் வந்த புதுப்பிப்பு அந்த வசதியைச் சேர்த்தது. உருவம் மாற்றும் ஏடும் ஆட்டத்துக் கடையில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது.

முடிவைக் கெடுக்காமல் ஒன்று மட்டும் சொல்லலாம். கதையின் கடைசிக் கட்டத்தை எட்டியவருக்குத் திறக்கக்கூடிய இறுதிப் பகுதியில், அதே நிலம் வேறொரு நிலமாகிறது. தொட்டாலே உயிரைக் குடித்த கடல் வற்றி, அதன் அடித்தரையில் நடந்து போகிறோம். உறங்கும் ஒவ்வொரு முறையும் ஊர்கள் அழிவை நெருங்குகின்றன. ஓய்வுக்கும் ஒரு விலை வந்துவிட்டதால், சலித்துப்போயிருந்த பாதைகளில் மறுபடியும் கணக்குப் போட்டு நடக்க வேண்டியிருக்கிறது. இந்த அழுத்தத்தில் ஒரு பங்கைப் பட்டாலிலேயே வைத்திருந்தால் விளையாட்டின் நடுப்பகுதி காப்பாற்றப்பட்டிருக்கும்.

இட்சுனோ 2024 ஆகஸ்ட் இறுதியில் கேப்காமை விட்டு விலகினார். அதற்கு முன்னும் பின்னும் வந்த புதுப்பிப்புகளால் நகரத்துத் தடுமாற்றம் குறைந்திருக்கிறது, முற்றிலும் நீங்கவில்லை. ஆட்டத்தை இலகுவாக்கும் ஒரு முறையும் சேர்ந்திருக்கிறது. வேலையோ பள்ளியோ முடிந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டுமே கிடைப்பவர்கள், பிரான்டின் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக முடித்துத் தள்ளாமல், ஓர் இரவுக்கு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர்வரை என்று வைத்துக்கொண்டால் ஆட்டத்தின் நல்ல பாதி முழுமையாகக் கிடைக்கும். மாட்டுவண்டியைப் பயன்படுத்துங்கள், கூடாரம் ஒன்றை எப்போதும் கைவசம் வையுங்கள். தானியங்கிச் சேமிப்பு பழையதை அழித்து எழுதிக்கொண்டே இருக்கும். திரும்பிப் போக நமக்கென்று இருப்பது கடைசியாகச் சத்திரத்தில் உறங்கிய இடம் ஒன்றுதான். ஆகவே சத்திரத்துப் படுக்கைக்குப் போகுமுன் துணையாட்களின் கண்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.